கூடத்துள் புகுந்த உதைபந்து

விதியின்றி விளையாட்டு இல்லை. சிறுவர் நால்வர் தெருவிலே ஒரு பந்தை உதைக்கத் தொடங்குமுன்னரே, இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் இடையே போனால் கோல் என்றும், மதிலைத் தாண்டினால் ஆட்டம் நிற்கும் என்றும் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொள்கின்றனர். அந்த உடன்படிக்கையே விதியின் வித்து. ஒரு நாட்டின் சட்டங்களைப் படிப்போர்க்கு அந்நாட்டு மக்கள் எதனை விரும்பினர், எதற்கு அஞ்சினர் என்பது விளங்குவது போல, ஒரு விளையாட்டின் விதிகளைப் படிப்போர்க்கு அவை எவர் பொருட்டு ஆக்கப்பட்டன என்பது விளங்கும்.

பதினொருவர் ஆடும் உதைபந்தாட்டத்தின் சட்டங்கள் 1863 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வகுக்கப்பட்டன. கழகங்களின் பிரதிநிதிகள் ஒன்றுகூடி, பந்தைக் கையில் ஏந்தி ஓடலாமா, எதிராளியின் காலில் உதைக்கலாமா என்றெல்லாம் வாதிட்டு ஒரு முடிவுக்கு வந்தனர். அவை வளர்ந்த ஆடவர் தமக்கென வகுத்துக்கொண்ட சட்டங்கள். சிறுவர் அவற்றைப் பிற்காலத்தில் இரவல் வாங்கினர் என்றே சொல்லவேண்டும். ஆனால், இன்று புட்சால் என்ற பெயரால் வழங்கும் ஐவர் உதைபந்தாட்டத்தின் பிறப்பு வேறு வகையானது. அது ஓர் ஆசிரியரால் இளைஞர்க்கென்றே ஆக்கப்பட்டது. பின்னரே வளர்ந்தோர் கைக்குச் சென்றது. இந்த வேற்றுமையை மனத்திற் கொண்டால் அவ்வாட்டத்தின் வரலாறு முழுவதும் தெளிவாகும்.

தென் அமெரிக்காவிலே பிறேசிலுக்கும் ஆர்ஜென்ரீனாவுக்கும் இடையில் அமைந்த சிறிய நாடு உருகுவே. அந்நாடு 1924 ஆம் ஆண்டிலும் 1928 ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் வாகை சூடியது. 1930 ஆம் ஆண்டில் முதலாவது உலகக் கிண்ணப் போட்டி அதன் தலைநகராகிய மொண்டிவிடியோவிலேயே நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் உருகுவே ஆர்ஜென்ரீனாவை 4 க்கு 2 என்ற கணக்கில் வென்றது. இத்தகைய வெற்றிகளைக் கண்ட நாட்டிலே பந்தை உதைக்க விரும்பாத சிறுவன் இருப்பானா? ஆனால் விருப்பம் பெருகிய அளவிற்கு மைதானங்கள் பெருகவில்லை. மழை பெய்தால் இருந்த மைதானங்களும் சேறாயின. இளைஞர் கூடைப்பந்தாட்டக் களங்களிலும், நடனக் கூடங்களிலுங்கூடப் பந்தை உதைக்கத் தலைப்பட்டனர்.

அந்நகரத்து வாலிபர் கிறிஸ்தவ சங்கத்திலே, அதாவது வை. எம். சி. ஏ. யிலே, ஆசிரியராக இருந்தவர் ஜுவான் கார்லோஸ் செரியானி என்பவர். கூடத்திற்குள் பந்தை உதைக்கும் இளைஞரைக் கண்டால் அதட்டி வெளியேற்றுவதே எளிய வழி. செரியானி அவ்வழியை நாடவில்லை. இடமோ சிறிது, ஆசையோ பெரிது. இடத்திற்குத் தக்கவாறு ஆட்டத்தை அமைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1930 ஆம் ஆண்டில் முளைத்த அந்த எண்ணம் 1933 ஆம் ஆண்டளவில் எழுத்து வடிவான விதிகளாக நிலைபெற்றது.

இவ்வாறு எண்ணுவதற்கு அச்சங்கத்திலே ஒரு மரபு இருந்தது. அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் அச்சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியிலே 1891 ஆம் ஆண்டில், பனிக்காலத்தில் வெளியே செல்லமுடியாத மாணவர்க்காக ஜேம்ஸ் நெயிஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை ஆக்கினார். 1895 ஆம் ஆண்டில் ஹோலியோக் நகரத்துச் சங்கத்திலே வில்லியம் மோகன் கரப்பந்தாட்டத்தை ஆக்கினார். இன்று உலகெங்கும் பாடசாலை முற்றங்களில் ஆடப்படும் அவ்விரு விளையாட்டுக்களும், கூரையின் கீழே இளைஞர்க்கு ஓர் ஆட்டம் வேண்டுமே என்ற கவலையிலிருந்து பிறந்தவை. செரியானி செய்ததும் அந்த வழியிலேயே வந்த செயல்.

அவர் தம் விதிகளை வெறுங்கையாற் படைக்கவில்லை; நான்கு விளையாட்டுக்களிடம் கடன் வாங்கினார். உதைபந்தாட்டத்திலிருந்து ஆட்டத்தின் உயிரை எடுத்தார்: கையை நீக்கிக் காலாலும் உடலாலும் பந்தை ஆளுதல். கூடைப்பந்தாட்டத்திலிருந்து களத்தையும், அணிக்கு ஐவர் என்ற எண்ணிக்கையையும், நாற்பது நிமிடம் என்ற கால அளவையும் எடுத்தார். கைப்பந்தாட்டத்திலிருந்து சிறிய கோல் கம்பங்களின் அளவையும், நீர்ப்பந்தாட்டத்திலிருந்து கோல் காப்பாளரைப் பற்றிய விதிகளையும் பெற்றார். நான்கு வீட்டு மரம் கொண்டு ஐந்தாவது வீடொன்று கட்டியது போன்ற வேலை இது. ஆயினும் கட்டி முடிந்த வீடு நான்கையும் ஒத்திருக்கவில்லை. அதற்கெனத் தனியான ஒரு முகம் அமைந்தது.

பழைய விதிகளுட் சில இன்று வியப்பைத் தரும். பிறேசிலிலே ஆடப்பட்ட பந்து மரத்தூள், குதிரைமயிர் முதலியவற்றால் அடைக்கப்பட்டுப் பாரமாக இருந்தது. அதனால் அது துள்ளவில்லை. கூடத்தின் கண்ணாடிகளையும் விளக்குகளையும் உடைக்கவில்லை. பாரமான பந்தின் விளையாட்டு என்றே மக்கள் அதனை அழைத்தனர். கோலுக்கு முன்னாலுள்ள எல்லைக்குள் நின்று அடித்த கோல் செல்லாது என்பது இன்னொரு விதி. தோளால் இடித்தலும், வழுக்கி விழுந்து காலை நீட்டுதலும் விலக்கப்பட்டன. பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையாலேயே உள்ளே எறிந்தனர்.

இவ்விதிகளை ஒருங்கே வைத்து நோக்கினால் அவற்றின் உட்கருத்துப் புலனாகும். கோல் எல்லைக்குள்ளே நெருக்கியடித்து மோதினால் முதலிற் காயப்படுபவன் இளைத்தவனே. தோளிடி அனுமதிக்கப்பட்டால் வெல்பவன் பருத்தவனே. மரத்தளத்திலோ சீமெந்துத் தளத்திலோ விழுவது புல்லில் விழுவதைப் போன்றதன்று. எனவே, உடல் வலிமைக்கு ஓர் அணை கட்டி, கால் நுட்பத்திற்கும் கண் கூர்மைக்கும் வழி திறந்துவிட்டனர். மெலிந்த பையனும் பருத்த பையனோடு சமமாக நின்று ஆடக்கூடிய ஓர் இடத்தை அவ்விதிகள் உண்டாக்கின.

ஆட்டம் விரைவிற் பரவியது. சங்கத்தின் கிளைகள் வழியே அது தென் அமெரிக்க நாடுகள் பலவற்றுக்கும் சென்றது. ஸ்பானிய மொழியிலும் போர்த்துக்கேய மொழியிலும் அதற்கு வழங்கிய பெயர்களின் பொருள் கூடத்து உதைபந்தாட்டம் என்பதே. பிறேசில் அதனைத் தன் சொந்தப் பிள்ளையாகவே வளர்த்தது. 1954 ஆம் ஆண்டில் றியோ டி ஜனெய்ரோ நகரிலே அதற்கென ஒரு சம்மேளனம் அமைந்தது. அடுத்த ஆண்டில் சாவோ பாவுலோவிலும் அமைந்தது. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த விதிகள் படிப்படியாக ஒருமைப்பட்டன. 1965 ஆம் ஆண்டில் தென் அமெரிக்க நாடுகளின் கூட்டமைப்புத் தோன்றியது. பெலே, சீக்கோ, பிற்காலத்தில் றொனால்டினோ போன்ற பெருவீரர்கள் இளமையில் இச்சிறு களத்திலே பழகியவர்கள். நெருக்கமான இடத்தில் பந்தை அடக்கியாளும் அவர்களுடைய திறமையைக் கண்டவர்கள், அக்களத்தின் பயிற்சியையும் சேர்த்தே கண்டனர் எனலாம்.

1971 ஆம் ஆண்டில் பீபூசா என்ற சர்வதேசச் சம்மேளனம் பிறேசிலில் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் ஜோவோ ஹவலாஞ். அவரே 1974 ஆம் ஆண்டில் உதைபந்தாட்டத்தின் உலகப் பேரவையாகிய பீபாவுக்கும் தலைவரானார். 1982 ஆம் ஆண்டில் பீபூசா நடத்திய முதலாவது உலகப் போட்டி சாவோ பாவுலோவில் நிகழ்ந்தது, பிறேசில் வென்றது. 1985 ஆம் ஆண்டில் ஸ்பெயினிலும், 1988 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலும் அடுத்த போட்டிகள் நடைபெற்றன. அவுஸ்திரேலியாவில் கிண்ணத்தைப் பெற்றது பரகுவே.

பிள்ளை வளர்ந்து வருவாய் ஈட்டும் நிலை வந்ததும் உரிமை வழக்கு எழுவது உலக இயல்பு. உதைபந்தாட்டம் என்ற சொல்லைப் பீபூசா ஆளுவதைப் பீபா ஆட்சேபித்தது. அப்பூசலின் நடுவிலேதான், 1985 ஆம் ஆண்டளவில், நீண்ட பெயரைச் சுருக்கிப் புட்சால் என்ற சொல் ஆக்கப்பட்டது. இன்று உலகம் வழங்கும் பெயர் ஒரு வழக்கைத் தவிர்ப்பதற்காகப் பிறந்த பெயர் என்பது நினைக்கத்தக்கது. பின்னர் பீபா தானே அவ்வாட்டத்தை ஏற்று, 1989 ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்தில் தன் முதலாவது உலகப் போட்டியை நடத்தியது. பிறேசில் ஒல்லாந்தை 2 க்கு 1 எனத் தோற்கடித்தது. பீபாவோடு இணைய விரும்பாத பழைய அணியினர் 2002 ஆம் ஆண்டில் உலகச் சங்கமொன்றை அமைத்துக்கொண்டனர். ஆகவே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இரண்டு ஆட்டங்கள் இன்றும் உள்ளன. பழைய மரபினர் சிறிய பந்தையும் கையால் எறியும் வழக்கத்தையும் விடாது வைத்திருக்கின்றனர்; பீபாவின் விதியிலோ பக்கக் கோட்டில் பந்தை வைத்துக் காலால் உதைத்தே ஆட்டத்தைத் தொடங்கவேண்டும்.

இனி, பீபாவின் விதிகள் இன்று எவ்வாறு உள்ளன என்பது ஆராயத்தக்கது. பெரும் போட்டிகளுக்குரிய களம் ஏறக்குறைய 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் உடையது. அதன் பரப்பு 800 சதுர மீற்றர். 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்ட பெரிய உதைபந்தாட்ட மைதானத்தின் பரப்பில் இஃது ஒன்பதில் ஒரு பங்களவே. பெரிய மைதானத்தில் ஒரு வீரனுக்கு ஏறத்தாழ 325 சதுர மீற்றர் கிடைக்கும். இங்கே கிடைப்பது 80 சதுர மீற்றர். எனவே பந்து தன்னிடம் வாராத தூரத்தில் எவனும் நிற்கமுடியாது. ஒதுங்கி நிற்கும் கூச்சமுள்ள பையனையும் ஆட்டம் தேடி வந்து பிடித்துக்கொள்ளும்.

கோல் 3 மீற்றர் அகலமும் 2 மீற்றர் உயரமும் உடையது. பந்தின் சுற்றளவு 62 முதல் 64 சென்றி மீற்றர் வரை. எடை 400 முதல் 440 கிராம் வரை. இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளலில் அது 50 சென்றி மீற்றருக்குக் குறையாமலும் 65 சென்றி மீற்றரைத் தாண்டாமலும் எழவேண்டும். மரத்தூள் அடைத்த பந்து மறைந்துபோயினும், துள்ளாத பந்து வேண்டும் என்ற பழைய கருத்து இவ்விதியில் உயிரோடிருக்கிறது. பந்து தரையை விட்டு எழாதபோது அதனை ஆள்வதற்குப் பாதமே கருவியாகிறது.

காலத்தைப் பற்றிய விதிகள் இரண்டு. இருபது நிமிடங் கொண்ட இரு பாதிகள் ஆடப்படும். பந்து வெளியே சென்றால் மணிக்கூடும் நிற்கும். ஆகவே நேரத்தை வீணாக்கி வெற்றியைக் காத்துக்கொள்ளும் தந்திரம் இங்கே பலியாது. மற்றது நான்கு செக்கன் விதி. பந்தைக் கோட்டிலிருந்து உதைப்பவனாயினும், தன் பாதியில் அதனை வைத்திருக்கும் காப்பாளனாயினும் நான்கு செக்கன்களுள் முடிவு செய்யவேண்டும். மத்தியஸ்தர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக்கொண்டிருப்பார். கண்டு, எண்ணி, துணிந்து செய்யும் பழக்கத்தை இவ்விதி போல விரைவாகக் கற்பிக்கும் பாடநூல் அரிது.

எல்லாவற்றினும் சிறந்தது தவறுகளை எண்ணும் விதி. ஒரு பாதியில் ஓர் அணியினர் செய்யும் நேரடி உதைக்குரிய தவறுகள் யாவும் ஒரே கணக்கிற் சேர்க்கப்படும். ஐந்து வரை பொறுத்துக்கொள்ளப்படும். ஆறாவது தவறு முதல், எதிரணியினர் கோலிலிருந்து 10 மீற்றர் தூரத்திலுள்ள புள்ளியில் பந்தை வைத்து, இடையில் மனிதச் சுவர் எதுவுமின்றி, நேரே கோலை நோக்கி உதைக்கலாம். தவறு செய்தவன் ஒருவன், கணக்கு ஐவருடையது. முரட்டுத்தனமாக ஆடும் தோழனை மற்ற நால்வரும் கண்டிக்கவேண்டிய கட்டாயம் இதனால் உண்டாகிறது. மத்தியஸ்தரின் ஊதுகுழல் செய்யமுடியாத திருத்தத்தைத் தோழரின் ஒரு சொல் செய்துவிடும். இடைவேளைக்குப் பின் கணக்கு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். தண்டனையோடு மன்னிப்பையும் விதி தன்னுள்ளே வைத்திருக்கிறது.

சிவப்பு அட்டை பெற்றவன் திரும்பி வரமுடியாது. ஆயினும் அவனுடைய அணி ஆட்டம் முடியும் வரை குறைந்த எண்ணிக்கையோடு அல்லற்படுவதில்லை. இரண்டு நிமிடங் கழிந்தபின், அல்லது அதற்கிடையில் ஆட்பலம் மிகுந்த எதிரணி ஒரு கோல் அடித்தால் அப்பொழுதே, வேறொருவன் அவ்விடத்தை நிரப்பலாம். ஒருவன் குற்றத்திற்காக மற்றவர் படும் துன்பத்திற்கு ஓர் எல்லை வகுத்திருப்பது நீதியின் பாற்பட்டது அன்றோ!

மாற்று வீரரைப் பற்றிய விதிக்கு வருவோர், செரியானியின் இளைஞர் கூடத்தையே மீண்டும் காண்பர். பெரிய உதைபந்தாட்டத்தில் வெளியேறியவன் பொதுவாக மீண்டும் உட்புக இயலாது. புட்சாலிலோ எத்தனை முறையும் வெளியேறலாம், எத்தனை முறையும் உட்புகலாம். அதற்காக ஆட்டத்தை நிறுத்தவேண்டியதுமில்லை. வாங்கில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவனுக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

ஆனால் கதவு திறந்திருப்பது வேறு. உள்ளே அழைக்கப்படுவது வேறு. இளைஞர் போட்டித் தொடர்களின் வாழ்வும் தாழ்வும் இந்த இடத்திலேயே உள்ளன. வெற்றி ஒன்றையே கருதும் பயிற்றுநர் திறமை மிக்க ஐவரைக் களத்தில் நிறுத்திவிட்டு, எஞ்சியோரைக் கடைசி நிமிடம் வரை வாங்கிலேயே இருத்திவிடலாம். சட்டப்படி அது குற்றமன்று. அங்கே அமர்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அந்த விதி என்ன நன்மை செய்தது? சீருடையை உடுத்து வந்து, வியர்வை சிந்தாத சீருடையோடு வீடு திரும்பும் பிள்ளை, அடுத்த பருவத்தில் வராமலே நின்றுவிடுவான். அவனுக்குள் இருந்த ஆட்டம் எத்தகையது என்பதை எவரும் அறியார்.

இதனை உணர்ந்தே பல நாடுகளில் இளைஞர் தொடர்களை நடத்துவோர் பீபாவின் விதிகளோடு தம் சொந்த விதிகளையும் சேர்க்கின்றனர். பிள்ளை ஒவ்வொருவனும் ஆட்டத்தில் இவ்வளவு நேரமாவது ஆடவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வழுக்கி விழுந்து பந்தைப் பறிக்கும் செயலைப் பீபா பிற்காலத்தில் ஓரளவு தளர்த்தியபோதிலும், இளைஞர் தொடர்கள் பலவற்றில் அது விலக்காகவே உள்ளது. சிறுவர்க்குப் பந்து சிறிதாக்கப்படும். பாதிகளின் நேரம் குறைக்கப்படும். கணக்கரும் தனி மணிக்கூடும் இல்லாத இடத்தில் நேரம் நில்லாமல் ஓடவிடப்படும். காப்பாளன் கோலை விட்டு முன்னேறி ஐந்தாவது தாக்குநனாக மாறும் தந்திரத்தைச் சிறுவர் பிரிவில் மட்டுப்படுத்துவோரும் உளர். பீபாவின் சட்டநூலே களத்தின் அளவு, பந்தின் அளவும் எடையும், கோலின் அளவு, ஆட்ட நேரம் முதலியவற்றை இளைஞர்க்கேற்ப மாற்றிக்கொள்ள இடமளிக்கிறது. உலகச் சட்டம் தானே வளைந்து கொடுத்துப் பிள்ளைக்கு இடம் விடுவது, அவ்வாட்டம் தன் பிறப்பை மறக்கவில்லை என்பதற்குச் சான்று.

இளைஞர்க்கென உலக அரங்குகளும் பிற்காலத்தில் திறக்கப்பட்டன. 2018 ஆம் ஆண்டில் புவனோஸ் அயர்சில் நடைபெற்ற இளையோர் ஒலிம்பிக்கிலே, பதினொருவர் ஆட்டத்திற்குப் பதிலாகப் புட்சால் இடம்பெற்றது. ஆண் பிள்ளைகளுள் பிறேசிலும் பெண் பிள்ளைகளுள் போர்த்துக்கலும் தங்கப் பதக்கம் பெற்றன. அடுத்த ஆண்டில் லற்வியாவின் றீகா நகரில் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர்க்கான முதலாவது ஐரோப்பியப் போட்டி நிகழ்ந்தது, ஸ்பெயின் வென்றது. பெண்களுக்கான முதலாவது பீபா உலகக் கிண்ணம் 2025 ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்றது. ஆண்களின் முதற் போட்டிக்கும் இதற்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள். கூடத்தின் கதவு பெண்களுக்குத் திறப்பதற்கு இவ்வளவு காலம் சென்றது என்பதையும் வரலாறு குறித்துவைத்தல் வேண்டும்.

மொண்டிவிடியோ நகரத்து ஆசிரியர் தம் விதிகளை எழுதியபோது உலகக் கிண்ணத்தை நினைத்திருக்கமாட்டார். அவர் முன்னே இருந்தவை ஒரு சிறு கூடமும், வெளியே மழையும், ஆடத் துடிக்கும் இளைஞர் கூட்டமுமே. சம்மேளனங்கள் தோன்றின, பெயருக்காக வழக்கிட்டன, பிரிந்தன. பந்து மாறியது, கோடுகள் மாறின, எறிதல் உதைத்தலாயிற்று. மாறாது நிற்பது ஒன்றே: கிடைத்த இடத்தில், இருக்கும் பிள்ளைகள் அனைவரும் ஆடவேண்டும் என்ற நோக்கம். ஒரு பாடசாலையிலோ ஒரு கிராமத்திலோ இளைஞர் தொடரொன்றை நடத்த முற்படுவோர் விதிநூலின் முதற் பக்கத்தில் அந்நோக்கத்தை எழுதி வைப்பாராயின், மற்றைய விதிகளுக்குப் பொருள் தானே விளங்கும். அதனை எழுத மறப்பாராயின், கோடுகள் எத்தனை நேராக வரையப்பட்டிருந்தாலும், வாங்கிலே ஒரு பிள்ளை காத்துக்கொண்டே இருப்பான்.